கடைக் கைக்கோடாரியை நம் கைக்குத் தகுந்தபடி திருத்துவது எப்படி

மண்டபம், உச்சிப்புளி பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மழை பெய்தால் வேலி ஓரம் முழுக்க முளைத்து நிற்கும், வெட்டின தூரிலிருந்தே மறுபடி நாலு கிளை கிளம்பும். அதற்காகத்தான் ராமநாதபுரத்தில் ஒரு கைக்கோடாரி வாங்கினேன், தலை 600 கிராம், காம்பு ஒன்றரை அடி. ஓங்கிப் போட்டால் உள்ளே இறங்காமல் மரத்தைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும், பிடுங்குவதற்கே பாதித் தெம்பு போய்விடும். இரும்பு நல்ல இரும்புதான், வாய்ப்பக்கம் மட்டும் ரொம்பத் தடிமன். அதைக் குறைத்து, காம்பையும் சரிசெய்த பிறகு இப்போது மணிக்கட்டுத் தடிமன் கிளையை மூன்று வெட்டில் சாய்க்கிறேன்.

வேண்டியவை: 10 அங்குலத் தட்டை அரம் ஒன்று, அதைவிட நைசான அரம் ஒன்று, ஒரு பக்கம் முரடும் ஒரு பக்கம் நைசுமாக இருக்கும் கார்போரண்டம் கல், 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், இரண்டு சி கிளாம்ப், ஒரு கறுப்பு மார்க்கர். அரத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மட்டமான அரம் ஒரு பக்கம் ராவி முடிப்பதற்குள் வழுக்க ஆரம்பித்துவிடும். அரத்துக்கு மரப்பிடி கட்டாயம் போடுங்கள், தோல் கையுறையும் வேண்டும்.

கோடாரியை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்குங்கள். வாயிலிருந்து உள்பக்கமாக இரண்டு அங்குலம் வரை மார்க்கரால் கறுப்பாகப் பூசுங்கள். அரம் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பதை அந்த மையே காட்டிக்கொடுக்கும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும், இழுத்துத் தேய்த்தால் பல் மழுங்கிவிடும். மை முழுக்கப் போனதும் மறுபடி பூசி, அடுத்த பக்கம். எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது.

இந்த இரண்டு சாயங்காலத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் முதலில் கெடுத்தேன். இரவல் வாங்கின ஆங்கிள் கிரைண்டரை வாயில் வைத்தேன். சில நொடிதான் இருக்கும், மேல் முனையில் வைக்கோல் நிறம் ஓடியது, அது பழுப்பாகி அப்படியே மயில்கழுத்து நீலமானது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உப்புத்தாளால் நீலத்தைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் ஒரு காய்ந்த முடிச்சில் போட்டதும் அந்த முனை தகரம் மாதிரி மடங்கியது.

கோடாரி வாய்க்குக் கடினம் வருவது கொல்லர் பட்டறையில் கொடுக்கும் தோய்ச்சலில். பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்து, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். அதற்குமேல் சூடு ஏறினால் அந்தப் பதம் போய்விடும், நீல நிறம் வந்துவிட்டது என்றால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். வாய் மெல்லியது, சூடு பரவ இடம் கிடையாது, அதனால் கண் இமைப்பதற்குள் நடந்துவிடுகிறது. நிறத்தைத் துடைக்கலாம், அடியில் இளகிய இரும்பு இளகியபடியேதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் அரத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள், பதம் உள்ள இடத்தில் கீச்சென்று வழுக்கும், போன இடத்தில் வெண்ணெய் மாதிரி கடிக்கும். நான் அந்த முனையில் 4 மில்லிமீட்டர் ராவி எடுத்த பிறகுதான் பழைய கீச் சத்தம் கேட்டது.

கிரைண்டர்தான் வேண்டும் என்றால் பக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்களை அடுக்கி ஒட்டிய வட்டு) போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள், தொட்டால் சூடு பொறுக்காது என்ற நிலை வந்தாலே தண்ணீரில் முக்க வேண்டும். வாயை ஒட்டிய கடைசி 5 மில்லிமீட்டருக்கு அரம் மட்டும்தான்.

வாயின் கோணம் இரு பக்கமும் சேர்த்து 30 டிகிரி இருந்தால் இந்தக் கட்டிமரத்துக்குச் சரி. செவ்வகக் காகிதத்தின் ஒரு மூலையை மூன்றாக மடித்தால் 30 டிகிரி கிடைக்கும், அந்த அளவில் ஒரு அட்டையில் வெட்டு போட்டு வாயைச் செருகிப் பார்க்கலாம். அப்புறம் கல், முதலில் முரடு, பிறகு நைஸ், சின்ன வட்டமாக. மறுபக்கம் நகத்தில் பிசிறு தட்டுப்படும்வரை தேய்த்து, திருப்பி அந்தப் பக்கமும் அதேபோல. பழைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு இழுத்தால் பிசிறு விழுந்துவிடும்.

இனி காம்பு. கடையில் பூசியிருக்கும் வார்னிஷ்தான் உள்ளங்கையில் கொப்புளம் போடுகிறது, உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டு உப்புத்தாள் போடுங்கள். ரேகை நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே வெட்டிப்போனால் அந்தக் காம்பை நம்பாதீர்கள், எப்போது வேண்டுமானாலும் முறியும். நாட்டுக்கருவேலம் கிடைத்தால் அதுவே எனக்கு முதல் தேர்வு, ரம்பத்தால் அறுக்காமல் ரேகையோடு பிளந்து, நிழலில் நன்றாகக் காய்ந்தது. பிடியில் நைலான் கயிறு சுற்றுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், வியர்வையும் உப்புத்தண்ணீரும் உள்ளே தங்கி மரத்தை அரித்துவிடும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், மூன்று பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

தலையை ஏற்றும்போது கோடாரியைத் தலை கீழே தொங்கும்படி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, காம்பின் அடியில் மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை தானாகக் காம்பில் ஏறும், தலையின் மேல் அடிக்கவே தேவையில்லை. அப்புறம் மேலே காய்ந்த மர ஆப்பு.

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் தலை ஆடுகிறது, தண்ணீரில் ஊறப்போட்டால் சரியாகிறது, பிறகு மறுபடி ஆடுகிறது என்று சொன்னார்கள். ஊறப்போடவே கூடாது. உப்பின மரம் இரும்புக்குள் நசுங்கிவிடும், காய்ந்ததும் முன்பைவிட அதிகம் சுருங்கும். இரண்டு பேருமே ஐப்பசி மழையில் காம்பு போட்டிருக்கிறார்கள், மரம் ஈரத்தை இழுத்து ஊதியிருக்கும் நேரம் அது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் போட்டால் மரம் ஏற்கெனவே சுருங்க வேண்டிய அளவு சுருங்கியிருக்கும். ஆடுகிற தலைக்குப் பழைய ஆப்பைப் பிடுங்கிவிட்டு, கொஞ்சம் தடித்த ஆப்பை இறக்குங்கள்.

இன்னொருவர் துரு பற்றிக் கேட்டிருந்தார், அவர் வீடு பாம்பனில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே தீட்டின வாய் ஒரே ராத்திரியில் பழுப்பேறும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு கை தடவி வையுங்கள். தோல் உறையில் போட்டு வைக்க வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் பழைய லாரி ட்யூபில் ஒரு துண்டு வெட்டி வாயில் மாட்டி வைக்கிறேன்.