பகிர்ந்து சாப்பிடும் மெடிடரேனியன் உணவகம்: டேபிள் புக் பண்ணும் முன் போட வேண்டிய கணக்கு

விலை கூடிய மெடிடரேனியன் உணவகத்தின் புக்கிங் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று நட்சத்திர மதிப்பெண், இன்னொன்று போட்டோ. தட்டுகளை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் இந்த வகை இடத்துக்கு இரண்டுமே அவ்வளவாக உதவாது. தனித்தனியாக ஆளுக்கொரு சாப்பாடு வாங்கும் இடமாக இருந்தால் உங்கள் தட்டு நன்றாக இருந்ததா என்பதோடு விஷயம் முடிந்துவிடும். இங்கே எட்டு தட்டோ பத்து தட்டோ வாங்குகிறீர்கள், அவை எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை பேருக்கு நடுவில் வந்து இறங்குகின்றன என்பதைப் பொறுத்துத்தான் சாப்பாடும் பில்லும் அமையும். சமையல் அருமையாக இருந்தும் பாதிப் பசியோடும் முழுப் பில்லோடும் வெளியே வருகிறவர்கள் உண்டு.

ஆகவே முதலில் உங்கள் பக்கத்தைப் பாருங்கள், உணவகத்தை அப்புறம் பார்க்கலாம்.

எத்தனை பேர் போகிறீர்கள்? மூன்று அல்லது நான்கு பேர் என்றால் இந்த வகை உணவகம் நன்றாகப் பொருந்தும். இரண்டு பேர் போனால் ஐந்தாறு தட்டுக்கு மேல் தாங்காது, அதில் இரண்டு தொட்டுக்கொள்ளும் வகை, ஒன்று சாலட் என்று போய்விட்டால் அந்த அடுப்படி எதில் கெட்டியோ அதைத் தொடக்கூட வயிற்றில் இடம் இருக்காது. ஆறு பேருக்கு மேல் போனால் வேறு சிக்கல்: சிறு தட்டுகளில் பல, மூன்று துண்டு நான்கு துண்டு என்று எண்ணி வைக்கப்படுகிறவை. ஆறு பேர் மேஜையில் மூன்று ஆட்டுக்கறி சாப்ஸ் வந்தால் யார் எடுப்பது என்று எல்லோரும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் எல்லாவற்றையும் இரண்டு தட்டாக ஆர்டர் பண்ண வேண்டியிருக்கும்.

யார் வருகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். தன் தட்டில் மற்றவர் கை வைத்தால் பிடிக்காதவர்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் சாப்பிட்டு எழ வேண்டியவர்கள், முக்கியமான பேச்சு ஒன்றை முடிக்க வந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்த இடம் தோதுப்படாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து தட்டு வைப்பார்கள், தட்டு எடுப்பார்கள், அதில் என்ன இருக்கிறது என்று விளக்குவார்கள். பேச்சு அறுந்துகொண்டே இருக்கும்.

சரி, இனி கணக்கு. பரிமாறுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது "ஆளுக்கு இரண்டிலிருந்து மூன்று தட்டு" என்பது. அதை அப்படியே நம்பிப் பெருக்க வேண்டாம், மெனுவை வைத்து நீங்களே ஒரு மாதிரி ஆர்டர் எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு சிறு தட்டின் விலையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ரொட்டி அரைப் பங்கு, பெரிய தட்டு மூன்று பங்கு. இரண்டு பேருக்கு ஒரு ரொட்டி, இரண்டு தொட்டுக்கொள்ளும் வகை, இரண்டு காய்கறி வகை, ஒரு பெரிய தட்டு என்று எடுத்தால் ஏழரைப் பங்கு. அதே இருவர் சாதாரண முறையில் நடக்கும் உணவகத்தில் ஆளுக்கு இரண்டு பங்கு விலையில் ஒரு சாப்பாடும் நடுவில் ஒரு முன்னுணவும் எடுத்திருந்தால் ஐந்து பங்குதான். அதாவது ஒன்றரை மடங்கு. நான்கு பேர் போய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளும் வகையும் அதே அளவில் இருக்க, காய்கறி மூன்றாகவும் பெரிய தட்டு இரண்டாகவும் ஆனால் பதினொன்றரைப் பங்கு, ஆளுக்கு மூன்றுக்கும் கீழே வந்துவிடும். தட்டு ஒன்றின் விலை கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவதால்தான் ஏமாறுகிறோம். மாதிரி ஆர்டரின் மொத்தத்தோடு குடிபானம், வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு எண் எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்து மனசு சுருங்கினால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

எண் பரவாயில்லை என்றால் மெனுவை இன்னொரு முறை, இந்தத் தடவை சமையலுக்காகப் படியுங்கள். நான் பார்ப்பது முதலில் ஒன்றைத்தான்: இதில் வீட்டில் செய்ய முடியாதது எவ்வளவு இருக்கிறது? கொண்டைக்கடலை, தயிர், கத்தரிக்காய், வெள்ளரி எல்லாம் மலிவான பொருட்கள். மெனுவில் பாதிக்கு மேல் ஹம்முஸ் என்ற கொண்டைக்கடலை மசியல், லப்னே என்ற கெட்டித் தயிர், சாலட், ஆலிவ் என்று நிறைந்து ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த விலை போட்டிருந்தால் நீங்கள் காசு கொடுப்பது விளக்கு வெளிச்சத்துக்கும் நாற்காலிக்கும்தான். அதுவும் வேண்டும் என்று தோன்றும் நாள் உண்டு, தப்பில்லை, தெரிந்து கொடுத்தால் சரி. ஆனால் விறகு அடுப்பில் அவ்வப்போது சுடும் ரொட்டி, கரி நெருப்பில் முழு மீன், பல மணி நேரம் வெந்து எலும்பை விட்டுக் கழன்று வரும் ஆட்டுத் தோள்பட்டை, முதலில் மெதுவாக வேகவைத்து அப்புறம் நெருப்பில் வாட்டிய ஆக்டோபஸ், கையால் மடித்த சின்னச் சின்னத் துருக்கிக் கொழுக்கட்டையான மான்டி, இப்படி நேரமும் நெருப்பும் கைப்பழக்கமும் கேட்கிற தட்டுகள் நான்கைந்தாவது இருந்தால் அந்த விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டாவது, மெனு எந்த ஊர்க்காரன் பேச்சு பேசுகிறது என்பது. மெடிடரேனியன் கடலைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, அவை ஒரே சமையல் சமைப்பதில்லை. துருக்கி, லெபனான், கிரேக்கம் பக்கம் மெஸே, ஸ்பெயினில் தபஸ், வெனிஸில் சிக்கெட்டி என்று சிறு தட்டுப் பழக்கமே ஊருக்கு ஊர் வேறு. ஸ்பெயினின் பயேயா, கிரேக்கத்து மூசாக்கா, லெபனான் பக்கத்து ஷவர்மா, இத்தாலியின் ரிசோட்டோ நான்கும் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றால் அந்த அடுப்படிக்கு எதுவும் ஆழமாகத் தெரியாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். மாறாக அலெப்போவோடு சேர்த்துச் சொல்லப்படும் முஹம்மரா, அதாவது சிவப்புக் குடைமிளகாயும் வால்நட்டும் மாதுளைப் பாகும் சேர்த்து அரைத்தது, அதன் பக்கத்தில் கோதுமை ரவையும் கறியும் சேர்த்த கிப்பே, ரொட்டித் துண்டு போட்ட ஃபத்தூஷ் சாலட் என்று ஒரு பகுதியின் சாப்பாடு ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தால் நம்பிக்கை வரும். பல ஊர்ச் சமையலைக் கலந்து அருமையாகச் செய்கிற செஃப்களும் இருக்கிறார்கள். அவர்கள் மெனு பெரும்பாலும் சின்னதாக இருக்கும். டிரஃபிள் காளான் வாசனை எண்ணெயும் புராட்டா சீஸும் வாக்யூ மாட்டிறைச்சியும் எல்லாப் பக்கத்திலும் எட்டிப் பார்த்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன், விலையை ஏற்ற அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

மூன்றாவதாகப் போட்டோ. உணவகம் போட்ட படங்களை விடுங்கள், சாப்பிட வந்தவர்கள் மேஜையில் எடுத்த மங்கலான படங்களைத் தேடுங்கள். அதில் முள்கரண்டியும் கையும் தெரியும், தட்டின் உண்மையான அளவு பிடிபடும். தபூலே சாலட் இருந்தால் நிறத்தைப் பாருங்கள். லெபனான் முறையில் அது பார்ஸ்லி இலைதான், கோதுமை ரவை கொஞ்சமே இருக்க வேண்டும், ஆகையால் பச்சையாக இருக்கும். வெளிறித் தானியமாகத் தெரிந்தால் இலை நறுக்கும் வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ரொட்டியில் அங்கங்கே கருகிய கொப்புளம் இருக்கிறதா? ஹம்முஸ் வழவழப்பாக, நடுவில் குழித்து எண்ணெய் நிற்கிறதா, அல்லது பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த கெட்டி உருண்டையா? பாபா கனூஷ் என்று போட்டிருப்பதில் கத்தரிக்காயை நெருப்பில் தோல் கருகச் சுட்ட புகை வாசனை இருக்க வேண்டும், அது படத்தில் தெரியாது, ஆனால் விமர்சனங்களில் 'புகை' என்ற சொல் யார் வாயிலிருந்தாவது வருகிறதா என்று தேடலாம். மலிவான தட்டுகளில் அக்கறை எடுக்கிற அடுப்படி விலை உயர்ந்த தட்டிலும் எடுக்கும். எதிர்த்திசையில் இது எப்போதும் உண்மையில்லை.

விமர்சனம் படிக்கும்போதும் அப்படித்தான். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு, மூன்று நான்கு கொடுத்தவர்களில் எத்தனை பேர் போனார்கள், என்னென்ன வாங்கினார்கள், மிச்சம் இருந்ததா என்று எழுதியவர்களை மட்டும் படியுங்கள். இரண்டு புகார்கள் திரும்பத் திரும்ப வந்தால் கவனிக்க வேண்டும். ஒன்று, எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் வந்து குவிந்தது என்பது. 'ரெடியானதும் வரும்' என்ற முறையைப் பல இடங்கள் வைத்திருக்கின்றன, நன்றாக நடத்தினால் சூடாகச் சாப்பிடலாம், மோசமாக நடத்தினால் இருபது நிமிடத்தில் மொத்தமும் வந்து ஆறிப்போகும், ரொட்டி மட்டும் கடைசியில் வரும். இன்னொன்று, பரிமாறுகிறவர் தேவைக்கு மேல் ஆர்டர் பண்ண வைத்தார் என்பது. ஒரு வருடத்துக்கு முந்தைய விமர்சனங்களுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள், செஃப் மாறியிருந்தால் அது வேறு உணவகம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சமையல் தாராளமாக இடம் கொடுக்கும், ஆனால் சில பொறிகள் உண்டு. தாரமோசலாட்டா இளஞ்சிவப்பாக, தயிர்க் கலவை மாதிரி தெரிந்தாலும் மீன் முட்டையில் செய்வது. பிலாஃப், அதாவது புலாவ் மாதிரியான சோறு, இறைச்சி வேகவைத்த சாற்றில் வெந்திருக்கலாம். ஃபலாஃபல் என்ற கொண்டைக்கடலை வடையும் கணவாயும் ஒரே எண்ணெயில் பொரிகிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். சீஸ் உறைய விலங்கு ரென்னெட், அதாவது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள், போட்டிருக்கிறார்களா என்பதும் அப்படியே. ஒவ்வாமை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தஹினி என்பது எள், அது ஹம்முஸில், பாபா கனூஷில், சாஸில், இனிப்பில் என்று எங்கும் இருக்கும். வால்நட், பிஸ்தாவும் அப்படியே. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளும் ஒன்று, அந்த அளவுக்கு அது பெரிய விஷயம். பகிரும் மேஜையில் எல்லோர் கரண்டியும் எல்லாத் தட்டிலும் போய் வரும் என்பதால், ஒருவருக்குக் கடுமையான எள் ஒவ்வாமை இருந்தால் நான் இந்த வகை உணவகத்தை யோசிக்கவே மாட்டேன். அப்புறம் பில்லைப் பிரிப்பது: சைவம் சாப்பிடும் ஒருவர், குடிக்காத ஒருவர், மீனும் ஆட்டுக்கறியும் வாங்கிய இருவர் என்று இருக்கும் மேஜையில் சமமாகப் பிரித்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். போகும் முன்பே பேசிவிடுங்கள்.

செட் மெனு இருந்தால் அதையும் உங்கள் மாதிரி ஆர்டரோடு ஒப்பிடுங்கள். பெரிய குழுக்களுக்குப் பல இடங்கள் அதைக் கட்டாயமாக்குகின்றன. ரொட்டி, ஒரு உண்மையான பெரிய தட்டு, இனிப்பு மூன்றும் உள்ளே இருந்து உங்கள் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மலிவான தட்டுகளை முன்னால் அடுக்கி வயிற்றை நிரப்பிவிட்டு, ஆட்டுக்கறிக்கு மட்டும் தனியாகக் கூடுதல் கட்டணம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் வேண்டாம்.

குடிபானத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒயின் பட்டியலில் கிரேக்கத் தீவான சாண்டோரினியின் அசிர்டிகோ திராட்சை ஒயினோ லெபனான் பெக்கா பள்ளத்தாக்கின் ஒயினோ இருந்தால் யாரோ யோசித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் பார்த்த பிறகும் இழுபறி என்றால் போன் பண்ணுங்கள், கூட்டம் இல்லாத பிற்பகல் நேரமாகப் பார்த்து. நான்கு பேருக்கு எத்தனை தட்டு போதும், இரண்டு தவணையாக ஆர்டர் கொடுக்கலாமா, டேபிள் எவ்வளவு நேரம் நமக்கு, எடைக்கு விலை போடும் மீன் சாதாரணமாக எவ்வளவு எடை வரும், ரொட்டி தீர்ந்தால் மறுபடி காசா? பதிலைவிடப் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். "நாலு பேருக்கு இது ஜாஸ்தி, முதலில் ஆறு எடுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்கிற இடத்தில் மேஜையிலும் அப்படியே நடத்துவார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஆர்டர் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் ஒன்றரை மணி நேரத்தில் எழ வேண்டும் என்றால், விசேஷ நாளுக்கு அந்த இடம் வேண்டாம்.

பெரிய செலவுக்கு முன்னால் ருசி பார்க்க வழி இருக்கிறது. மதியத்திலோ, பார் பக்கத்து உயர நாற்காலியிலோ இரண்டு பேர் போய் ரொட்டி, ஒரு கத்தரிக்காய், நெருப்பில் சுட்ட ஏதாவது ஒன்று என்று மூன்றே தட்டு வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் இதற்குப் புக்கிங்கே தேவைப்படாது. பிடித்திருந்தால் அன்றே இரவு டேபிளுக்குப் பேசிவிட்டு வரலாம். புக் பண்ணும்போது டெபாசிட் கேட்டால் அது பில்லில் கழியுமா, எந்த நேரம் வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யலாம், நான்கு பேர் மூன்றானால் தலைக்கு அபராதம் உண்டா என்று படித்துவிட்டு கார்டு எண்ணைக் கொடுங்கள், ரத்து செய்யும் கெடுவுக்கு முந்தின நாளுக்கு போனில் ஒரு அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.