மூன்று கிலோவுக்குள் பனையேறும் சாமான்

போன கோடையில் கருப்பட்டி நிறுக்கிற தராசில் என் மரமேறும் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். காலில் மாட்டும் தளைநார் 200 கிராம். இடுப்புக் கயிறு 700. மார்புச் சாக்கு 300. அரிவாளும் அது கிடக்கிற பெட்டியும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. எல்லாம் மூன்று கிலோவுக்குள் முடிந்துவிட்டது. அதே தராசில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கி வைத்திருக்கும் மரமேறும் இரும்புக் கருவியையும் வைத்தோம். ஒன்பது கிலோ. தென்னைக்கு அது நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேரிமணலில் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். என் அப்பா ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறினார், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அவருக்கு ஒன்பது கிலோ கட்டுப்படியாகுமா?

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கும் மூக்கையூருக்கும் நடுவில், கடலோரம். நான் பதனீர் இறக்குவதில்லை. நுங்குக்கும் ஓலைக்கும் மட்டும் ஏறுகிறேன். தாத்தா காலத்தில் வேட்டைக்கும் மரத்தில் ஏறி உட்காருவார்களாம். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அது போய்விட்டது, போனது நல்லது. இப்போது மேலே போனால் மேல்செல்வனூர்க் கண்மாய்ப் பக்கம் பறவைக் கூட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன், அவ்வளவுதான்.

முதலில் தளை. மற்றதெல்லாம் இல்லாமல் கூட ஏறிவிடலாம், இது இல்லாமல் முடியாது. இரண்டு பாதத்தையும் சேர்த்து மாட்டிக்கொள்ளும் வளையம் இது. மரத்தைச் சுற்றிப் போடுவது இல்லை, பலருக்கு இதில் குழப்பம் வருகிறது. பாதங்கள் மரத்தின் இரண்டு பக்கமும் அழுத்தும்போது விலகி ஓடிவிடாமல் தளை இழுத்துப் பிடிக்கிறது.

செய்வதற்கு வடலிப் பனையின், அதாவது இளம் பனையின், பச்சை மட்டை இரண்டு போதும். ஓரத்தில் ரம்பப்பல் மாதிரி இருக்கும் கருக்கை முதலில் சீவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உங்கள் உள்ளங்கையைச் சீவிவிடும். மட்டையை நிழலில் ஒரு நாள் வாடவிட்டு, கட்டையால் தட்டி, உள்பக்கத்து அகணியை நாராக உரியுங்கள். நாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு மூன்று புரியாக முறுக்குங்கள். முறுக்கிய கயிறு கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டும். வளையமாக்கி, நுனிகளைப் புரிக்குள் செருகி, மேலே மெல்லிய நாரால் நெருக்கிச் சுற்றிவிடுங்கள். பாதம் படுகிற இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினால் புண்ணாகாது.

அளவில்தான் எல்லாமே இருக்கிறது. தளையைப் போட்டுக்கொண்டு காலை விரித்தால் இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாணும் நாலு விரலும் இடைவெளி வர வேண்டும், இது எனக்கு. உங்கள் காலுக்கும் உங்கள் மரத்துக்கும் இது கூடலாம், குறையலாம். தளை நீளமானால் பாதம் மரத்தின் பக்கவாட்டுக்கு ஓடிப் பிடி கிடைக்காது. குட்டையானால் இரண்டு பாதமும் முன்பக்கமே நிற்கும், அழுத்தம் வராது. பத்தொன்பது வயதில் அவசரத்துக்குச் சித்தப்பா மகனின் தளையை மாட்டிக்கொண்டு ஏறினேன். அவன் என்னைவிட நெட்டை. ரெண்டு ஆள் உயரம் போனதும் கால் வழுக்கியது. மரத்தைக் கட்டிக்கொண்டே சறுக்கி வந்தேன், மார்புத்தோல் பாதி மரத்தில் தங்கிவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டுக்கொண்டே, "அடுத்தவன் செருப்பைப் போட்டாலும் போடு, அடுத்தவன் தளையைப் போடாதே" என்று திட்டினார்.

நைலான் கயிற்றில் தளை செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். எடை தாங்கும், ஆனால் வழவழப்பு, காலையும் அறுக்கும். நைலானுக்கு இடுப்பில் வேலை உண்டு. துறைமுகப் பக்கம் போனால் கழித்துப்போட்ட வலைக்கயிறு கிடைக்கும். அதில் நைந்துபோகாத துண்டாக, நடுவிரல் பருமனில் மூன்று பாகம் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். வெயிலில் கிடந்து வெளுத்துப்போன கயிறு வேண்டாம், நகத்தால் கீறினால் தூளாக உதிரும். மரத்தையும் உங்கள் இடுப்பையும் சேர்த்துச் சுற்றி, இறுக்கினால் சுருங்காத கண்ணி முடிச்சுப் போடுங்கள். முடிச்சு தெரியாவிட்டால் கடலுக்குப் போகிற எவரிடமும் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். அப்பா இந்தக் கயிறு இல்லாமல்தான் ஏறினார். நான் கட்டாமல் ஏறுவதில்லை, புதிதாகப் பழகுகிறவர்களையும் கட்டாமல் விடுவதில்லை.

மார்புக்கு அரிசிச் சாக்கை இரண்டாக மடித்துத் தைத்து, கழுத்திலும் முதுகிலும் கட்டிக்கொள்ள நாடா வைத்தால் போதும். அரிவாளுக்குப் பனையோலையில் முடைந்த அரிவாள்பெட்டி இடுப்பின் பின்பக்கம் தொங்கும். முடையத் தெரியாதவர்கள் நாலு அங்குல பிவிசி குழாயில் ஒரு முழம் வெட்டி, சுடுதண்ணீரில் இளக்கித் தட்டையாக்கி, அடியை அடைத்துக்கொள்ளலாம். அரிவாளைக் கையிலோ வாயிலோ வைத்துக்கொண்டு மட்டும் ஏறாதீர்கள்.

அப்புறம் முருக்குத்தடி. பனையின் அடித்தூர் பருத்திருக்கும், மேலே போகப்போக மெலியும். நடுமரத்துக்கு அளவெடுத்த தளை அடியில் பிடிக்காது. அதனால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தடியை மரத்தில் சாய்த்து, அதில் மிதித்து அந்தப் பருமனைத் தாண்டுகிறோம். பூவரசங்கம்பு லேசாகவும் இருக்கும், உடையவும் செய்யாது. சீமைக்கருவேலம் எங்கும் கிடக்கிறதே என்று வெட்டாதீர்கள். கனம், அதோடு முள்.

இனி ஏறுவது. போன வருஷம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்தவன், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கையை முறுக்கேற்றி வைத்திருக்கிறான். ஆறடி ஏறியதும் கை நடுங்கிவிட்டது.

"மாமா, கையாலதானே இழுக்கணும்?"

"கை பிடிக்கத்தான் மாப்ள. ஏறுறது காலு."

முழு வித்தையும் இதுதான். மரத்தைக் கையால் அணைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தளையோடு ஒன்றாக மேலே இழுங்கள், முழங்கால் வெளிப்பக்கம் விரியட்டும். உள்ளங்காலை மரத்தில் பதித்து அழுத்துங்கள். தளை விறைப்பதைக் காலில் உணர்ந்த பிறகு நிமிருங்கள். உடம்பு தானாக மேலே போகும். போன பிறகு கையை மாற்றுங்கள், இடுப்புக் கயிற்றையும் மேலே தட்டிவிடுங்கள். கம்பளிப்பூச்சி போகிற மாதிரிதான். ஒரு எட்டுக்கு ஒரு முழம் ஏறினால் தாராளம். மாப்பிள்ளை மூன்றாம் நாளில் தன் கால்களை நம்பத் தொடங்கினான், நடுக்கம் நின்றது.

முதல் பத்து நாள் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போகாதீர்கள். அங்கேயே ஏறி இறங்கிப் பழகுங்கள். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், களைத்த காலோடு இறங்குகிறோம். சறுக்கிக்கொண்டு வரலாம் என்ற ஆசை வரும். வேண்டாம், ஏறிய மாதிரியே எட்டு வைத்து இறங்குங்கள். கூட ஒருவர் இருக்கட்டும், ஆனால் மரத்துக்கு நேர் கீழே நிற்கக் கூடாது.

எங்கள் கரையில் காற்றைக் கேட்டுத்தான் ஏற வேண்டும். விடியலில் காற்று அடங்கியிருக்கும், ஆனால் உப்புப்பனி படிந்து மரம் வழுக்கும். வெயில் பட்டு மரம் காய்ந்து, கடற்காற்று எழுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். எனக்கு ஏழிலிருந்து ஒன்பதரை வரை. கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாளில் மரத்தின் உச்சிக் கொண்டை ஆடுவது கீழே நின்று பார்ப்பதைவிட மேலே ரொம்ப அதிகமாகத் தெரியும். அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். மழை பெய்த மறுநாளும் அப்படித்தான்.

கொண்டைக்குப் பக்கத்தில் போனதும் நின்று காது கொடுங்கள். குளவி இருந்தால் இரைச்சல் கேட்கும். முருக்குத்தடியால் அடிமரத்தை நாலு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவது என் வழக்கம், எலியோ பாம்போ இருந்தால் அசையும். காய்ந்து தொங்கும் காவோலையைப் பிடித்து ஒருபோதும் உடம்பைத் தூக்காதீர்கள், கையோடு வந்துவிடும். பச்சை மட்டையைப் பிடித்தாலும் கருக்கில்லாத அடிப்பக்கமாகப் பிடியுங்கள்.

நுங்குக் குலையை வெட்டித் தள்ளினால் பாதி உடைந்துபோகும். வெட்டுவதற்கு முன்பே காம்பில் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டி, ஒரு பச்சை மட்டையின் அடியைச் சுற்றிக் கீழே விட்டுவிடுங்கள். கீழே இருப்பவர் மரத்தைவிட்டுத் தள்ளி நின்று பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்குவார்.

வேலை முடிந்ததும் தளையை வாசலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்புக்காற்றில் கிடந்தால் நார் இற்றுவிடும், எலியும் கடிக்கும். நான் அடுப்படியில் புகை படுகிற ஆணியில் மாட்டுகிறேன். அடுத்த தடவை ஏறும் முன் நாழிகை நேரம் தண்ணீரில் போட்டெடுத்து, ஒவ்வொரு புரியாக விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு புரி முறிந்திருந்தாலும் அது அடுப்புக்குத்தான்.