சபைக்குள் நுழையும் உலகத்தைத் தடுப்பது எப்படி?

உலக வேஷம், அதாவது உலகத்தின் போக்குக்கு ஒத்துப்போவது, என்றதும் நம் கிறிஸ்தவ சபைகளில் பலருக்கு வாலிபரின் தலைமுடியும் பெண்பிள்ளைகளின் உடையுமே நினைவுக்கு வருகின்றன. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரச் சபைகளில் வளர்ந்து, சில ஆண்டுகள் பொருளாளராகவும் இருந்த எனக்குத் தோன்றுவது வேறு. கணக்குப் புத்தகம், ஓட்டுச் சீட்டு, கல்யாணப் பேச்சு ஆகியவற்றின் வழியாகத்தான் உலகம் சபைக்குள் வருகிறது. அதுவும் ‘நம்ம ஆள்தானே, விட்டுவிடுங்கள்’ என்ற அன்பான சொல்லோடு வருகிறது. ஆகவே காவலையும் அங்கேதான் போட வேண்டும்.

முதலில் பணம். ஆராதனை முடிந்தவுடன், ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் காணிக்கையை எண்ணி, நோட்டு வகைவாரியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறுநாளே அது வங்கியில் சேர வேண்டும். மாதம் ஒருமுறை வரவு செலவைச் சபையாருக்கு முன் வாசிக்க வேண்டும். இதை அவநம்பிக்கை என்று யாராவது வருத்தப்பட்டால் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தைக் காட்டலாம். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர் ஒருவரும் உடன் வந்தார்.

நான் சறுக்கியதும் பணத்தில்தான். காணிக்கையாக வந்த விளைபொருள்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் ஒருவர் ஒரு பூசணிக்காயை ஐயாயிரம் ரூபாய்க்குக் கேட்டார், பந்தலே கைதட்டியது. பணம் வரவில்லை. பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று கூசி, பாக்கி என்று எழுதாமல் வரவு என்றே எழுதிவிட்டு, அடுத்த ஆண்டுத் தணிக்கைக்கு முன் என் கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டினேன். நான் கட்டியதால் பொய் மெய்யாகிவிடவில்லை. ஏலத்தில் எடுத்ததற்கு அன்றே ரசீது போடுங்கள், கடன் இருந்தால் கடன் என்றே எழுதுங்கள் என்று இப்போது எல்லாப் பொருளாளர்களுக்கும் சொல்லிவருகிறேன்.

நன்கொடையாளருக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி போடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. பொன்மோதிரம் அணிந்தவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை உடுத்தவனை நிற்கச் சொல்வதை யாக்கோபு 2ஆம் அதிகாரத்திலேயே கண்டித்துவிட்டார். மின்விசிறி இறக்கையில்கூட ‘உபயம்’ எழுதுகிற நாம் அதை வாசித்த பிறகும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். பெயர் எழுதாத நன்கொடை மட்டுமே ஏற்கப்படும் என்று கமிட்டி ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

சபைக் கமிட்டித் தேர்தல் காலத்தில் வேட்பாளர் வீட்டுப் பிரியாணி ஆம்பூரிலிருந்தே வந்தாலும் சாப்பிடாதீர்கள். வாக்களிப்பதற்கு முன் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள். எவருக்கு வாக்களிப்பது என்பதை அவருடைய சாதி தீர்மானிக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் நம்முடைய மிகப் பழைய ஒத்துப்போதல் அதுவே. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைகள் அறவே விட்டுவிட வேண்டும் என்று 1833இல் எழுதினார். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1853இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆற்காடு மிஷனின் வழிவந்த சபைகள் இன்று இந்தப் பகுதி முழுவதும் உள்ளன. ஆயினும் வரன் விளம்பரத்தில் திருச்சபையின் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயரும் தவறாமல் இருக்கிறது. பிரசங்கத்தால் மட்டும் இது போகாது. வீட்டு ஜெபக் கூட்டத்தின் முறைப்பட்டியலை எழுதும்போது ஊரும் காலனியும் மாறி மாறி வரும்படி அமைத்து, கூட்டம் நடக்கிற வீட்டிலேயே எல்லாரும் உண்பது என்று வையுங்கள். தண்ணீர் மட்டும் போதும் என்று எழுந்துபோகிறவர் யார் என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். அவரை மேடையில் கண்டிக்காமல் ஆயர் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும்.

வரதட்சணைக்கு ஆயர் கையில் ஒரு நல்ல பிடி இருக்கிறது. திருமண அறிவிப்பை ஆராதனையில் வாசிப்பதற்கு முன்பே இரு வீட்டாரையும் தனித்தனியே அழைத்து, கொடுக்கல் வாங்கல் உண்டா என்று அவர் கேட்கலாம். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம் என்று அப்போதே சொல்லிவிடலாம். ‘பிள்ளைக்கு அன்பாகச் செய்கிறோம்’ என்ற பதில் வந்தால், அந்த அன்பின் பட்டியலைத் தயாரித்தது யார் என்று கேட்பதும் அவருடைய ஊழியமே.

சகோதரனுடைய குற்றத்தை முதலில் தனியாகவும், பிறகு இரண்டொருவருடனும், அதற்குப் பிறகே சபையிலும் சொல்லும் மத்தேயு 18ஆம் அதிகார முறை மேற்சொன்ன பலவற்றுக்கும் பொருந்தும். ஒரு குழந்தை பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகத் தெரியும்போது அந்த முறையைக் காட்டி அடக்கிவைப்பது குற்றம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறையிடமோ சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிவிட்டு, சிறார் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.