லண்டன் நேரத்திலேயே குறித்து வையுங்கள்

பிரித்தானியாவிலிருந்து நேரலையில் நடக்கும் அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு வகுப்புகளை போன் நாட்காட்டியில் நம் நேரத்துக்கு மாற்றிப் போடாதீர்கள். அந்தப் பதிவின் நேர வலயத்தை லண்டன் என்று தெரிவுசெய்து, அவர்கள் சொன்ன நேரத்தையே இடுங்கள். மிச்சத்தை போன் பார்த்துக்கொள்ளும்.

அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு திருப்பி வைப்பார்கள். இலங்கையில் அந்த வழக்கம் இல்லை. லண்டனில் மாலை 6 மணி வகுப்பு கோடையில் நமக்கு இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. நுவரெலியாவிலோ டிக்கோயாவிலோ இரவுக் கடமையை ஒரு நண்பரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டு உட்காருபவருக்கு அந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயமில்லை. ஒப்படைகளின் கடைசி நேரத்தையும் இப்படியே போடுங்கள். லண்டன் நள்ளிரவு என்றால் இங்கே விடியற்காலை 4.30 அல்லது 5.30.

இந்திய வகுப்புகளுக்கு இது வேண்டாம், நேரம் ஒன்றுதான். பதிவுசெய்த விரிவுரைகளுக்கும் தேவையில்லை. அமெரிக்க வகுப்பென்றால் நியூயோர்க் போல அந்த ஊரைத் தெரிவுசெய்யுங்கள், அவர்கள் கடிகாரம் மாற்றும் தேதிகள் வேறு.