முகவரிச் சோதனையிலிருந்து தேவையற்ற படிகளை நீக்கியது: என் அனுபவம்

ஆர்டர் பக்கத்தில் திருத்திய முகவரி சரியாகச் சேமிக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்காக செலினியத்தில் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) நான் எழுதிய சோதனை, உள்நுழைந்து, பொருளைத் தேடி, கூடையில் சேர்த்து, பணம் செலுத்திய பிறகுதான் முகவரிக்கே வந்து சேர்ந்தது. ஒரு நாள் தேடல் பட்டனின் ஐடி (சோதனை அதைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அடையாளப் பெயர்) மாறியதும் முகவரிச் சோதனைகள் அனைத்தும் தோற்றன; முகவரிப் பகுதியிலோ எந்தப் பிழையும் இல்லை. பாதி நாள் தவறான இடத்தில் தேடினேன்.

சோதனையின் பெயரில் இல்லாத எதையும் திரையின் வழியே செய்யக்கூடாது என்று அன்று முடிவெடுத்தேன். பயனரையும் ஆர்டரையும் ஏபிஐ அழைப்பின் மூலம், அதாவது திரையைத் தொடாமல் சர்வரிடம் நேரடியாகக் கேட்டு உருவாக்கி, அதில் கிடைத்த செஷன் குக்கீயை (பயனர் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் சிறு தகவல்) பிரவுசரில் சேர்த்து, ஆர்டர் பக்கத்தை நேரடியாகத் திறக்குமாறு மாற்றினேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதே தளத்தின் ஏதேனும் ஒரு பக்கத்தை முதலில் திறக்காமல் குக்கீயைச் சேர்க்க முயன்றால், டொமைன் (தளத்தின் பெயர்) பொருந்தவில்லை என்று செலினியம் பிழை காட்டும். அதற்கு, விரைவில் திறக்கும் 404 பக்கமே (‘பக்கம் இல்லை’ என்று காட்டுவது) போதும். செலினியம் போன்ற இன்னொரு கருவியான பிளேரைட்டில், உள்நுழைந்த நிலையை ஒரு கோப்பில் சேமித்து, மற்ற சோதனைகளுக்கும் அதையே கொடுக்கலாம்.

உள்நுழைவையும் தேடலையும் திரைவழியே சரிபார்க்கும் சோதனைகளை நான் நீக்கவில்லை. அவை தனித்தனியே ஓடுகின்றன. முகவரிச் சோதனையில் இப்போது திருத்துவது, சேமிப்பது, பக்கத்தை மீண்டும் ஏற்றி ஒப்பிடுவது ஆகிய மூன்று படிகளே இருக்கின்றன.