கேள்வி அவனைப் பற்றி, பதில் நம்முடையதா?

பாம்பனில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பியைக் காட்டி என்னிடம்தான் கேட்பார்கள்: "சாப்பிட்டானா?" அவன் பக்கத்திலேயே நிற்பான். வயது 34. கருவாட்டுக் களத்தில் நெத்திலி காயப்போடுகிறவன், வானம் இருட்டினால் எனக்கு முன்னால் தார்ப்பாயை இழுத்து மூடுகிறவன். சாப்பிட்டதைச் சொல்லத் தெரியாதா அவனுக்கு? அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் முதல் தவறு இதுதான். பல வருடம் நானும் செய்தேன்.

அடுத்தது கேட்கும் விதம். "டீ வேணுமா?" என்றால் "ஆமா". "வேண்டாமா?" என்றால் அதற்கும் "ஆமா". அடுத்தவர் முகம் கோணாமல் பதில் சொல்லியே பழகிவிட்டான். அதனால் இரண்டு சட்டையை எடுத்துக் காட்டுங்கள். அப்புறம் இடம் மாற்றி இன்னொரு தடவை காட்டுங்கள். இரண்டு முறையும் அதே சட்டையைத் தொட்டால் விருப்பம் அவருடையது. தம்பிக்குச் சில சமயம் ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் வாயைக் கட்டுவதுதான் எனக்குக் கஷ்டம்.

மனநோயாளிகளைக் குணமாகட்டும் என்று கொண்டுவரும் ஏர்வாடி தர்கா பக்கத்தில் இருப்பதால் இங்கே இன்னொரு குழப்பம்: "தர்காவில் கொண்டுபோய் வையுங்கள், சரியாகிவிடும்." மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. இது சிறுவயதிலிருந்தே இருப்பது. குணமாகட்டும் என்று அவர் வாழ்க்கையைத் தள்ளிப்போட முடியாது. கட்டிவைப்பது யாருக்குமே தீர்வில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் இறந்த 28 பேர் சங்கிலியில் கிடந்தவர்கள்.

பிள்ளைக்கு 18 வயதானதும் யோசிக்காமல், அவருக்காக முடிவெடுக்கும் காப்பாளரை 'எல்லாவற்றுக்கும்' கேட்டு மனுப்போடுவதும் தவறு. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலான குழு, காப்பாளர் தேவையா, எதற்குத் தேவை என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ சொத்து வைத்திருக்கவும் பணத்தைக் கையாளவும் அவருக்குச் சம உரிமை தருகிறது. உதவுகிறவரின் நலன் குறுக்கே வந்தால் அந்த விவகாரத்தில் அவர் ஒதுங்க வேண்டும் என்கிறது. பாகப்பிரிவினைப் பேச்சில் இதை ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை.

கடைசியாகப் பணம். தம்பியின் வாரக்கூலியை நானே வாங்கி வைத்துக்கொள்வேன். இப்போது அவன் கையிலேயே கொடுக்கச் சொல்லிவிட்டேன். முதல் வாரம் மொத்தமும் முறுக்குக்குப் போயிற்று. திட்ட வாயெடுத்தேன். ஏலத்தில் கைக்காசை விட்டு வந்த அண்ணனை யாரும் அப்படிச் சொன்னதில்லையே என்று நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் பாதி மீந்தது. மூன்றாவது வாரம் ஒரு டார்ச் லைட்டோடு வந்தான். எதற்கென்று கேட்டிருக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.