பச்சை வராமல் பால்வெள்ளையாகக் காய்ந்த ஓபல் படலம்

ஓபல் படலம் என்பது ஓபல் ரத்தினம் போல, நுண்ணுருண்டைகளின் ஒழுங்கான அடுக்கால் வண்ணம் காட்டும் மெல்லிய பூச்சு. 220 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் (ஒருவகை பிளாஸ்டிக்) உருண்டைகளைத் தண்ணீரில் கலந்து காய வைக்கையில், அவை கண்ணாடித் தகட்டில் ஒழுங்காக அடுக்கடுக்காக அமைந்தால், நேராகப் பார்க்கையில் பச்சை தெரிய வேண்டும். எனக்கோ திட்டுத்திட்டாகப் பால்வெள்ளை. செறிவைக் குறைத்தேன், தகட்டைத் திரும்பக் கழுவினேன், சூட்டைத் தணித்தேன், எதுவும் எடுபடவில்லை. அப்புறம் கலவையை நீர்க்க வைக்கும் 'காய்ச்சி வடித்த' கேன் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால், பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டியது 90 காட்டுகிறது! நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது ஊரறிந்ததுதான், ஆனால் கேனிலுமா? காயக் காய உப்பு செறிந்து, உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசை அடங்கி, ஒழுங்காக அடுக்கமையும் முன்பே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன.

கலவைப் புட்டியில், உப்பின் அயனிகளை (மின்னூட்டமுள்ள துகள்களை) பிடித்துக்கொள்ளும் அயனிமாற்றப் பிசின் மணிகளைப் போட்டு ராத்திரி முழுக்க மெதுவாக உருட்டவிட்டேன். காலையில், காய வைக்கும் முன்பே, புட்டிச் சுவரோரம் வண்ணப் பொறிகள் மினுங்கின. அயனிகள் போய்விட்டதற்கு அதுதான் அடையாளம், கவனியுங்கள். மணிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, கலவையைத் தகட்டில் ஊற்றிக் காய வைத்தேன், தகடு பச்சை. அடுத்து உருண்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் சிலிகா (மணலின் மூலப்பொருள்) நிரப்பி, உருண்டைகளை எரித்து நீக்கி, நுண்துளைகள் நிறைந்த பொருள் செய்யணும்.